எறியும் தோலில் இருக்கும் பயன்

(எமது சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையிலே சமயத்தின் பெருமையைப் பற்றியும் தமிழின் தொன்மையைப் பற்றியும் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். அவற்றைப் பேசுவதற்கு எமக்கு வயதும் போதாது, படிப்பும் போதாது. ஆகவே சிறியதொரு பொருளை எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கின்றோம். தேசிக்காயின் தோலே அப்பொருள்.

சிலர் புன்னகை செய்கிறீர்கள். அதுவும் நியாயமே. ஆனால் இன்று காலை உங்கள் வீட்டு அடுக்களையில் எத்தனை தேசிக்காய் பிழிந்தார்கள் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மீன் கழுவுவதற்கு ஒன்று, சம்பலுக்கு ஒன்று, சொதிக்கு ஒன்று, வெயிலில் வந்தவருக்குக் கரைத்துக் கொடுக்க ஒன்று. துறைமுகப் பட்டினமாகிய திருக்கோணமலையில் மீனின்றி அடுப்பு எரியும் நாட்கள் விரத நாட்கள் மாத்திரமே. மீன் உள்ள வீட்டில் தேசிக்காயும் இருக்கும். பிழிந்த பின் அந்தத் தோல்கள் எங்கே போகின்றன? குப்பைக் கூடைக்கு. கலியாண வீடுகளிலே சமையற் பந்தலின் பின்புறம் அவை குவியலாய்க் கிடப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். பழத்தின் சத்தான பகுதியொன்றை விலை கொடுத்து வாங்கி வந்து நாமே வீதியில் எறிகிறோம் என்பதுதான் நாம் இன்று சொல்ல வந்த செய்தி.

இச்செய்திக்கும் நமது துறைமுகத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் கற்றது மிஷன் பாடசாலையொன்றில். ஆங்கிலக் கடலோடிகளைப் பற்றிய பாடங்கள் அங்கே நிறைய உண்டு. பாய்க்கப்பல்கள் மாதக்கணக்காகக் கரை காணாமல் ஓடிய காலத்தில் மாலுமிகளை ஸ்கேர்வி என்னும் நோய் வருத்தியது. பல்லீறு வீங்கி இரத்தம் கசியும்; பற்கள் ஆடும்; ஆறிய பழைய புண்கள் மீண்டும் திறக்கும்; ஈற்றில் உயிர் போகும். 1740 ஆம் ஆண்டு ஆன்சன் என்னும் தளபதியுடன் உலகைச் சுற்றப் புறப்பட்ட ஏறக்குறைய 1900 பேரில் மிகப் பெரும்பாலோர் நோயினால் மாண்டனர். 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் ஸ்கேர்வி கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். நாளுக்கு இரண்டு தோடம்பழமும் ஓர் எலுமிச்சம்பழமும் பெற்ற இருவரே விரைவில் எழுந்து நடமாடினர்.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. இதன் பின்பகுதியிலேதான் நமது ஊர் வருகிறது. லிண்ட் கண்ட உண்மையை ஆங்கிலக் கடற்படை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. 1794 இல் ‘சஃபோக்’ என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு 23 வாரங்கள் எங்கும் கரை தட்டாமல் ஓடியது. அதன் மாலுமிகளுக்கு நாள்தோறும் மூன்றில் இரண்டு அவுன்ஸ் எலுமிச்சம் சாறு, ஏறக்குறைய 20 மில்லிலீற்றர், மதுவிலே கலந்து கொடுக்கப்பட்டது. கப்பல் சென்னையை அடைந்தபோது ஸ்கேர்வியினால் ஒருவரும் இறக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1795 இல், கடற்படை முழுவதற்கும் எலுமிச்சம் சாறு வழங்க உத்தரவாயிற்று. அதே 1795 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பீற்றர் றெயினியர் என்னும் தளபதி ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினார். அவர் ஏறி வந்த தலைமைக் கப்பல் எது தெரியுமா? அதே ‘சஃபோக்’தான்!

கோணேசர் மலைக்குப் போகும்போது கோட்டை வாசலைக் கடந்து போகின்றோம். எலுமிச்சம் சாற்றின் வலிமையை உலகுக்குக் காட்டிய கப்பல், அந்தக் கோட்டைக்கு அண்மையில் கடலில் நங்கூரமிட்டு நின்றது. 1957 இல் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தை விட்டுப் போயிற்று. ஆனால் அந்தக் கப்பல் காட்டிய பாடம் நமக்கு இன்றும் வேண்டியதே.

மாலுமிகளைக் காத்த பொருள் எது? அக்காலத்தில் ஒருவருக்கும் தெரியாது. புளிப்புத்தான் மருந்து என்று நம்பினார்கள். உண்மையான பொருளைப் பிரித்தெடுத்தவர் அங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பேட் சென்ற் ஜியோஜி. அதற்காக 1937 இல் நோபல் பரிசு பெற்றார். அதுவே விற்றமின் ‘சீ’ எனப்படும் உயிர்ச்சத்து. ஒருவர் நாளுக்கு 10 மில்லிகிராம் அளவு உட்கொண்டால் ஸ்கேர்வி அணுகாது. வளர்ந்தவர் நலமாயிருக்க நாளுக்கு 45 மில்லிகிராம் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ‘சஃபோக்’ கப்பலின் மாலுமிக்குக் கிடைத்தது ஏறக்குறைய அந்தப் பத்து மில்லிகிராமே.

இனித் தோலுக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையொன்றை வெளியிட்டிருக்கிறது. எலுமிச்சை என்னும் பெரிய மஞ்சட் பழத்தின் உட்சதை 100 கிராமில் விற்றமின் ‘சீ’ 53 மில்லிகிராம். அதன் தோல் 100 கிராமில் 129 மில்லிகிராம். கல்சியம் சதையில் 26 மில்லிகிராம்; தோலில் 134. நார்ப்பொருள் சதையில் 2.8 கிராம்; தோலில் 10.6 கிராம். தோடம்பழத்தின் தோலிலும் இப்படியே: விற்றமின் ‘சீ’ 136 மில்லிகிராம், கல்சியம் 161 மில்லிகிராம்.

“தோலை 100 கிராம் தின்பவர் யார்?” என்று ஒரு பெரியவர் கேட்கக்கூடும். கேள்வி சரியானது. ஒருவரும் தின்ன மாட்டார், தின்னவும் வேண்டியதில்லை. ‘சஃபோக்’ மாலுமியை மரணத்திலிருந்து காத்த பத்து மில்லிகிராம், புதிய எலுமிச்சந் தோல் எட்டுக் கிராமிலேயே அடங்கிவிடுகிறது. துருவி எடுத்தால் ஒன்றரை மேசைக்கரண்டிக்கு மேற்படாது. நமது தேசிக்காய் எலுமிச்சையிலும் வேறான இனம். அதன் தோல் மெல்லியது. சாறும் உயிர்ச்சத்திற் சற்றுக் குறைந்தது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலக் கடற்படை மேற்கிந்தியத் தீவுகளின் தேசிக்காய்ச் சாற்றுக்கு மாறியபின், 1875 இல் வடதுருவத்துக்குப் போன நேயர்ஸ் என்பவரின் குழுவினரை ஸ்கேர்வி மறுபடியும் பற்றியது. சாறு குறைந்த இனத்திலே தோலையும் வீசுவது இரட்டை நட்டமல்லவா?

தோலின் அமைப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வெளியே பச்சையாக அல்லது மஞ்சளாக இருக்கும் பகுதியிற் சிறு புள்ளிகள் தெரிகின்றன. அவை எண்ணெய்ப் பைகள். தோலை மடித்து விளக்குச் சுடருக்கு நேரே அமுக்கினால் சடசடவென்று பொறி பறக்கும். சிறுவயதில் எல்லோரும் ஆடிய விளையாட்டு அது. பறப்பது லிமொனீன் என்னும் வாசனை எண்ணெய். உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல் இருப்பது இரண்டாம் பகுதி. பெக்ரின் என்னும் கரையும் நார்ப்பொருள் அதிலேதான் மிகுதி. ஜாம் உறைவது இதனாலேயே. மேல்நாட்டுத் தொழிற்சாலைகள் சாறு பிழிந்த தோலைச் சேர்த்து, பெக்ரினையும் வாசனை எண்ணெயையும் வேறாக்கி விற்கின்றன. அதே வெண்பகுதியில் ஹெஸ்பெரிடின் என்னும் பொருளை 1828 இல் லெப்ரெத்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். இத்தகைய பொருள்களைச் சென்ற் ஜியோஜி 1936 இல் ‘விற்றமின் பீ’ என்று அழைத்தார். பிற்காலத்தார் அவற்றை உயிர்ச்சத்தென ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே தோலைத் தின்றால் சகல நோயும் தீரும் என்று நாம் சொல்லப் போவதில்லை. உணவாகவே அதைச் சொல்கிறோம். சஞ்சீவி மூலிகையாக அல்ல.

அன்பர்களே! அடுத்து நாம் சொல்வது தாய்மாரும் பாட்டிமாரும் ஏற்கெனவே அறிந்தது. ஸ்கேர்வியைப் பற்றிப் படித்த அதே நாட்களில் எமது மதிய உணவுப் பொட்டலத்திலே உப்புத் தேசிக்காய் இருந்தது. புத்தகம் மாலுமியின் எலுமிச்சையைப் புகழ்ந்தது. சக மாணவர் சிலரோ ஊறுகாயின் மணத்துக்கு மூக்கைப் பொத்தினர். புத்தகத்திலுள்ள பழமும் பொட்டலத்திலுள்ள பழமும் ஒரே குலத்தவை என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அதைச் சொல்லுவது இளைஞர்களாகிய நமது கடமை என்று கருதுகிறோம்.

ஊறுகாயில் நாம் உண்பது பெரும்பாலும் தோலைத்தான். தேசிக்காயை அடி விடாமல் நான்காகப் பிளந்து உப்பை அடைத்து, சாடியிலிட்டு வெயிலில் வைப்பார்கள். நாரத்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பிட்டு உலர்த்துவார்கள். சிங்கள மக்கள் இதையே ‘லுணு தெஹி’ என்பர். கடலுக்கப்பால் ஓமான் நாட்டவர் தேசிக்காயை உப்பு நீரில் அவித்து, உள்ளே கறுக்கும்வரை உலர்த்திக் குழம்பிலிடுகின்றனர். சீனர் நாரந்தோலை ஆண்டுக்கணக்காக உலர வைத்துச் சமையலுக்கும் மருந்துக்கும் எடுக்கின்றனர். ஆங்கிலேயர் கசப்புத் தோடையின் தோலைச் சீனியிற் காய்ச்சி, மாமலேட் என்று பெயரிட்டுக் காலை உணவு மேசையில் மரியாதையாக வைக்கின்றனர். மாமலேட் நாகரிகமென்றால் ஊறுகாயும் நாகரிகமே! கோயிலிலும் அப்படித்தான். துர்க்கையம்மனுக்கு விளக்கேற்றும்போது, பிழிந்த தேசிக்காய்த் தோலையே மறுபுறம் திருப்பி நெய் வார்க்கிறோம். பிழிந்துவிட்டால் பயன் முடிந்தது என்று முன்னோர் எண்ணவில்லை.

வீட்டிற் செய்யத்தக்க சில முறைகளைக் கூறுகிறோம். தாய்மார் குற்றம் கண்டால் திருத்திக்கொள்வார்களாக.

முதலாவது, பிழிந்த தோலின் ஊறுகாய். உலர்ந்த கண்ணாடிப் போத்தலோ சீனச் சாடியோ ஒன்றை அடுக்களையில் வையுங்கள். பிழிந்த தோலை விதை நீக்கிச் சிறிதாக வெட்டி அதிற் போடுங்கள். பத்துத் தேசிக்காயின் தோலுக்கு உப்பு இரண்டு மேசைக்கரண்டி போதும். சாறு ஏற்கெனவே போய்விட்டபடியால் இரண்டு முழுத் தேசிக்காயின் சாற்றை மேலே விடவேண்டும். புளிப்பும் உப்பும் சேர்ந்தால்தான் கெடாது. நாள்தோறும் குலுக்கி வெயிலில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் இரண்டு கிழமையிலே தோல் மெதுவாகிவிடும். பிறகு வறுத்துப் பொடித்த வெந்தயமும் மிளகாய்த்தூளும் கலந்து, காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய் விடுங்கள். அலுமினியப் பாத்திரத்திலும் பித்தளையிலும் வைக்கலாகாது. அமிலம் உலோகத்தை அரித்து உணவிற் கலக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். தேசிக்காய்த் தோலுக்கு அப்பழமொழி எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

இரண்டாவது, தோடந்தோற் குழம்பு. தோலைப் பொடியாக அரிந்து, நீரிற் கொதிக்கவைத்து வடித்துவிடுங்கள்; மறுமுறையும் அப்படியே செய்தால் கசப்பு அடங்கும். கடுகு, வெந்தயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தோலை வதக்கி, புளிக்கரைசலும் உப்பும் சேர்த்து வற்றவிட்டு, இறக்கும்போது சிறிது பனங்கட்டி சேருங்கள். சோற்றுக்கும் பிட்டுக்கும் நன்றாயிருக்கும்.

மூன்றாவது, சீனித் தோல். இருமுறை அவித்து வடித்த தோடந்தோலை நீளமாக அரிந்து, சமநிறை சீனியிற் கண்ணாடிபோல் ஆகும்வரை காய்ச்சி உலர்த்தினால் குழந்தைகளுக்கு இனிப்பாகும். கேக்கிலும் போடலாம்.

நான்காவதே உயிர்ச்சத்துக்கு உகந்தது. விற்றமின் ‘சீ’ நீரிற் கரையும், சூட்டில் அழியும், வெயிலிலும் நாட்பட்ட சேமிப்பிலும் குறையும். லிண்ட் வைத்தியரே சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துக் கப்பலுக்கு அனுப்பச் சொன்னார். காய்ச்சியதனால் அதன் வலு போய்விட்டது. ஆகவே அவித்து வடித்த தோலிலும் ஊறுகாயிலும் நார்ப்பொருளும் கல்சியமும் மணமும் எஞ்சும். உயிர்ச்சத்து மிகக் குறையும். அதைப் பெற விரும்பினால் கழுவிய தோலின் வெளிப்பகுதியை மட்டும் துருவி, அடுப்பிலிருந்து இறக்கிய பின் தூவவேண்டும். சொதியை இறக்கிய பிறகே தேசிக்காய்ப் புளி விடும் வழக்கம் எவ்வளவு அறிவுள்ளது பாருங்கள்! சுடச்சுட விட்டால் கசக்கும் என்று தாய்மார் சொல்லும் காரணம் ஒன்று. உயிர்ச்சத்துக் காக்கப்படுவது மற்றொன்று. சம்பலுக்கும் கீரைக்கும் பருப்புக்கும் இந்தத் துருவலைச் சேர்க்கலாம்.

கீரையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. கூடவே விற்றமின் ‘சீ’ இருந்தால் ஏற்பது கூடும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீரோ அதைத் தடுக்கும். இரத்தக் குறைவினாற் களைத்துப்போகும் இளம்பெண்களும் கர்ப்பிணித் தாய்மாரும் உள்ள வீடுகளில் இதை நினைவில் வைக்கவேண்டும். முருங்கையிலை வறைக்கு மேலே தேசிக்காய்ப் புளியும் துருவலும் சேர்த்து, தேநீரை ஒரு மணித்தியாலம் பிந்திக் குடித்தால் செலவின்றி வரும் நன்மை அது.

ஐந்தாவது உணவல்ல, உதவி. மீன் வெட்டிய கையையும் பலகையையும் பிழிந்த தோலாலே தேய்த்தால் நாற்றம் போகும். மீன் நாற்றத்துக்குக் காரணமான அமைன் என்னும் காரப் பொருள்கள் அமிலம் பட்டதும் உப்பாக மாறி, ஆவியாக எழாமல் நீரோடு போய்விடுகின்றன. குத்துவிளக்கையும் செம்பையும் துலக்குவதற்கும் உப்புத் தொட்ட தோல் போதும்.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கப்பலில் வரும் தோடம்பழங்கள் பளபளப்பது மெழுகினால். பூஞ்சணம் பிடியாதிருக்க மருந்தும் தடவியிருப்பார்கள். தேய்த்துக் கழுவினாலும் முழுவதும் போகாது. ஆகவே தோலுண்ண வீட்டு வளவுப் பழமே சிறந்தது. இரத்த அழுத்தம் உள்ள பெரியவர்கள் ஊறுகாயின் உப்பை அளவோடு கொள்ளவேண்டும். ஜம்போலா, கசப்புத் தோடை ஆகியவற்றிலுள்ள சில பொருள்கள், இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் எடுக்கும் சில மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் மிகையாக்கிவிடும். அவர்கள் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும். தேசிக்காய் எண்ணெய் பட்ட கையோடு வெயிலில் நின்றால் தோல் கொப்புளிக்கக்கூடும்; கழுவிவிட்டே முற்றத்துக்குப் போங்கள்.

பெரியோர்களே! 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரிலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. எரிவாயுவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற வீடுகளிலே ஊறுகாய்ச் சாடி எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதைத் தாய்மார் அறிவார்கள். பழஞ்சோற்றுக்கு வேறு கறி வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாடி இப்போது பல வீடுகளில் இறாக்கையை விட்டு இறங்கிவிட்டது. கடையில் வாங்கும் சிறு போத்தல் அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. சாடி வைக்கும் கைப்பழக்கம் ஒரு தலைமுறை விட்டுப்போனால் புத்தகத்தைப் பார்த்து மீட்பது கடினம். எத்தனை நாள் வெயில், எவ்வளவு உப்பு, எந்த நிறத்தில் எடுக்கவேண்டும் என்பவை பாட்டிமாரின் கண்ணிலும் கையிலும் இருக்கின்றன.

ஆகவே இளைஞர்களிடம் நாம் கேட்பது மூன்று. உங்கள் வீட்டு மூதாட்டியிடம் இருந்து ஊறுகாய் போடும் முறையைக் கேட்டு எழுதி வையுங்கள். ஆண்பிள்ளைகளும் கேட்கலாம், வெட்கமில்லை. வளவில் இடமிருந்தால் தேசிக் கன்றொன்று நடுங்கள். அடுத்த திருவிழா அன்னதானத்திலே தண்ணீர்ப்பந்தற் தொண்டு செய்வோர், பிழியும் தேசிக்காயை முதலிற் கழுவி, தோலை உப்புச் சாடியிற் சேர்க்க ஏற்பாடு செய்யுங்கள். அது ஊறி எடுக்கும் காலத்தில், அதற்கடுத்த அன்னதானத்தின் இலையில் ஊறுகாயாக வரட்டும்.